பதினொரு ஒட்டு

ஜூன் முப்பதுக்குள் அறிக்கை போக வேண்டும்.
நானூறு சொல், ஆறு படம்.
முகங்கள் தெளிவாக, வெளிச்சம் நன்றாக என்று
காசு தருகிறவர்கள் எழுதியிருந்தார்கள்.
டண்டினோங்கில், ரயில் பாதைக்குப் பின்னால்,
எங்கள் சைக்கிள் கொட்டகைக்கு
ஒரே ஒரு குழல்விளக்கு.
அதுவும் மழை நாளில் கண்ணைச் சிமிட்டும்.

மார்ச்சிலிருந்து எடுத்தவை இருநூற்றுப் பதினேழு.
நாற்பதில் என் பெருவிரல்.
மிச்சத்தில் பாதி முதுகுகள்.
சங்கிலி கழன்ற சில்லின் மேல் குனிந்தவர்களுக்கு
முகம் எங்கே இருக்கப்போகிறது?
ஒன்றில் மட்டும் கவுன்சிலர் சிரிக்கிறார்,
ஸ்பானரைக் கறிக்கரண்டி போலப் பிடித்தபடி.
அதுதான் கூர்மையாக விழுந்திருந்தது.

ஸமானைக் கதவோரம் நிறுத்தினேன்.
தோளில் ஒரு பழைய சைக்கிள்,
மழை விட்ட வெளிச்சம் ஒரு கன்னத்தில்.
"சிரி."
"எதுக்கு?"
"சும்மா."
சும்மா சிரிக்கிற ஆள் இல்லை அவன்.
படத்தில் அவன் பார்ப்பது
என்னையா, எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்பதையா,
இன்னும் தெரியவில்லை.

அன்றிரவு, ஆறிப்போன தேத்தண்ணியோடு எழுதினேன்:
பின்தங்கிய சூழலில் இருந்து வந்த ஓர் இளைஞன்
தன்னம்பிக்கை பெறுகிறான்.
நல்ல வசனம்.
போன வருசமும் அதைத்தான் எழுதினேன்,
வேறொரு பெடியனுக்கு.

சம்மதக் கையெழுத்துக்காக
சனிக்கிழமை அச்செடுத்துக் கொண்டுபோனேன்.
கிரீஸ் படிந்த விரல்
வரி வரியாக இறங்கி வந்து
'பின்தங்கிய'வில் நின்றது.
"ஆருக்குப் பின்னால?"
நான் சொல் தேடினேன்.
"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு
இந்தக் கதவைத் திறக்கிறது நான்.
நீங்கள் வாறது ஒன்பதரைக்கு.
சொல்லுங்கோ, ஆருக்குப் பின்னால?"

பேனை வாங்கினான். வெட்டினான்.
கறுப்பு ரேகை பதிய, கீழே எழுதினான்:
ஸமான். பதினொரு பஞ்சர் ஒட்டினேன்.
பத்து நிற்கிறது.
ஒன்று திரும்பவும் காற்றுப் போய்விட்டது.
அது டியூபின் பிழை.
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த நியாகிம்
"உன்ர பிழை" என்று
கடைசி வரியை வெட்டினாள்.

அப்படியே கமராவையும் பறித்துக்கொண்டாள்.
"நீங்கள் எடுத்தால் எல்லாரும்
பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி நிற்கினம்."
வயிறு தரையில் பட, சீமெந்தின் ஈரத்தில் படுத்து
அவள் எடுத்தது இது:
ஒரு நீல வாளி.
தண்ணீருக்குள் அமுக்கிய டியூப்.
வாளியைச் சுற்றி எட்டுக் கை,
ஒன்றில் பாதி தின்ற பணிஸ்.
ஓட்டை இருக்கிற இடத்திலிருந்து
குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அப்போதுதான் மேலே வருகின்றன.
எந்தக் கை யாருடையது என்பது
அவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பணிஸ் மட்டும் தெரியும்.

அனுப்பினோம்.
ஜூலை இரண்டாம் கிழமை பதில் வந்தது:
அருமையான படம். ஆனாலும்
சிரிக்கிற முகம் ஒன்று கிடைக்குமா?

கிடைத்திருக்கும்.
அதற்கு முதல் சனிக்கிழமை,
காற்றுப்போன அந்தப் பதினோராவது சைக்கிளை
இன்னொருமுறை ஒட்டி,
அதன் சொந்தக்காரி, ஏழு வயது,
கார் நிறுத்துமிடத்தை இரண்டு சுற்று விழாமல் சுற்றி
மூன்றாவதில் குப்பைத்தொட்டியோடு போய் முட்டி
"பிரேக்கை ஆர் கழட்டினது?" என்று கத்தியபோது
ஸமான் சிரித்தான்.
சுவரைப் பிடித்துக்கொண்டு, குந்தி இருந்து, கண்ணீர் வர.
கமரா அப்போது அலுமாரிக்குள்
சார்ஜில் கிடந்தது.

கடைசியில் கவுன்சிலரைத்தான் அனுப்பினேன்.
படத்தின் கீழே என்ன போட என்று கேட்டேன்.
சில்லைச் சுழற்றி, கம்பி ஒவ்வொன்றாய்த் தட்டி,
காது கொடுத்தபடியே ஸமான் சொன்னான்:
"இவர் இன்னும் ஒண்டும் ஒட்டேல்லை எண்டு போடுங்கோ."
போட்டேன்.