வலது மேல் மூலை

பெனின்சுலா கடைத்தொகுதி, இரண்டாம் தளம்.
கண்ணாடிக்குப் பின்னால் அது
மூவாயிரத்து நானூறு வெள்ளி.
லென்ஸ் தனி.

மிஸ்டர் கோ என் பழைய கேமராவை வாங்கி
நாடி பார்ப்பவர்போல் திருப்பினார்.
கீழ்த்தட்டில் கீறல்: சுங்கை பூலோ மரப்பாலம்.
பிடியில் உரிந்த ரப்பர்:
நானே பசை போட்டு ஒட்டியது, கோணலாக.
கம்பியை மாட்டி ஓர் எண்ணைப் படித்தார்,
ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுபத்திரண்டு.
இத்தனை முறை இமைத்திருக்கிறதாம்.
என் வயதைச் சத்தமாகச் சொன்னதுபோல் இருந்தது.

"நூற்றெண்பது தரலாம்."
பிறகு என் முகத்தைப் பார்த்து,
"சரி, இருநூறு."

ஃபைரூஸா போன மாதமே வாங்கிவிட்டாள்.
அவள் மீன்கொத்தியின் அலகில்
மீனின் செதிலை எண்ணலாம்.
என் மீன்கொத்தி
யாரோ அவசரமாகத் துடைத்த நீலம்.
அவள் கேமரா கண்ணைத் தேடிப் பிடிக்கிறது,
பறவை திரும்பினால் கூடவே திரும்புகிறது.
என்னுடையது கிளையைப் பிடிக்கும்.
அதற்கு எப்போதும்
கிளையைத்தான் பிடிக்கும்.

முப்பத்தாறு தவணை, வட்டி இல்லை,
மாதம் தொண்ணூற்று நாலு சொச்சம்.
ஆய்வுக்கூடத்தில் கூடுதலாக ஓர் இரவுப் பணி எடுத்தால் போதும்.
எடுத்தால், மறுநாள் விடியலில்
சதுப்புநிலத்துக்கு யார் போவது?
கேமராவை மட்டும் பேருந்தில் ஏற்றி அனுப்பலாமா?

இதை அவரிடம் கேட்கவில்லை.
அவர் என் அட்டையிலிருந்த படங்களைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.
"இது என்ன?"
"செம்பருந்து. ரொம்ப உயரத்தில்."
அடுத்த படம், கிராஞ்சி அணைக்கட்டு.
அதே மூலையில் அதே பருந்து.
அதற்கடுத்தது
எங்கள் புளோக் பதினோராம் மாடி நடைபாதையிலிருந்து,
மழைக்கு முந்திய வானம்.
அங்கேயும்.

"தூசி," என்றார். சிரிக்கவில்லை, நல்ல மனிதர்.
"உள்ளே, சென்சாரில். இரண்டு மூன்று வருஷம் இருக்கும்."

இரவெல்லாம் கண்ணாடித் தகட்டில்
அடுத்தவர் ரத்த அணுக்களை எண்ணுகிறவள் நான்.
என் வானத்திலிருந்த ஒரே புள்ளியை
பறவைக் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.
போன ஆண்டு சமூக மன்றச் சுவரில்
அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.
கீழே என் பெயர்.
தலைப்பு: தனித்துப் பறத்தல்.
ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.

சுத்தம் செய்ய நாற்பத்தைந்து வெள்ளி, இருபது நிமிடம்.
கீழே போய் ஒரு தே சி குடித்தேன்.
பாதியில் ஆறிவிட்டது.

திரும்பி வந்ததும் கூரையைச் சுட்டுக் காட்டினார்.
வெள்ளை. வெறும் வெள்ளை.
புதியதையும் கையில் கொடுத்தார், சும்மா பாருங்கள் என்று.
கடை வாசலில் போகிறவர் ஒவ்வொருவர் கண்ணிலும்
அது சின்னதாக ஒரு பச்சைப் பெட்டி வரைந்தது.
எல்லோரையும் அதற்குத் தெரிந்திருந்தது.
கீழே வைக்கும்போது கை கொஞ்சம் தாமதித்தது,
அதையும் அவர் பார்த்திருப்பார்.
அட்டையின் பின்புறம் ஒரு விலை எழுதித் தந்தார்,
செவ்வாய்க்கிழமை வரை.

மாலை, பதினோராம் மாடி.
எதிர் புளோக்குக்கு மேலே வானத்தை எடுத்தேன்.
வலது மேல் மூலையில் ஒன்றுமில்லை.
இனி மங்கினால் அது நான்தான்,
தூசி மேல் பழி போட முடியாது.

இன்னொன்று எடுத்தேன்.
கேமராவை இறக்காமலே
கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பார்த்து நின்றேன்,
ஏதாவது வருமா என்று.