பதினொரு கிராம்

நூற்றிருபது கிலோ கறிவேப்பிலை.
ஈர்க்கு உருவி, ஓரிரவு சாக்கில் வாட விட்டு
அண்டாவின் கழுத்துவரை திணித்தோம்.
மூடி விளிம்பில் கோதுமை மா குழைத்து
சுபத்திராதேவி விரலால் அடைத்து வந்தாள்.
ஆவிக்கு ஒரு மயிரிடை விடக்கூடாது,
அது இலைக்குள்ளால்தான் போகவேண்டும்.

முதல் துளிக்கு ஒன்றேகால் மணித்தியாலம்.
குழாயின் வாயில்
தண்ணீர் சொட்டும், சொட்டும்,
பிறகு தண்ணீரின் மேலே
மெல்லிய மஞ்சள் ஒன்று
போவதா நிற்பதா என்று
யோசித்துக்கொண்டு மிதக்கும்.

பொழுதுபட அடுப்பை அணைத்தபோது
பாணி மருந்துப் போத்தல் ஒன்று நிறைந்திருந்தது.
அவ்வளவுதான்.
நூற்றி ஐம்பத்தாறு கிராம் என்று
கொப்பியில் எழுதிக் கோடு கீறினாள்.

கொழும்பு பிஸ்கட் கம்பெனி கேட்டது
இலையை அல்ல,
இலையின் பச்சையையும் அல்ல.
வாசம் மட்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம்,
மாங்குளத்தில் கொழும்பு பஸ்.
மடியில் பை, பைக்குள் துவாய்,
துவாய்க்குள் போத்தல்.
முன்பென்றால் ஓமந்தையில் இறக்கி
துவாயை உதறி, மூடியைக் கழற்றி, மணந்து
இது என்ன என்று கேட்டிருப்பார்கள்.
இப்போது பஸ் நிற்கவேயில்லை.
நிற்காத அந்த இடத்தில்தான்
மூடி நெகிழ்ந்திருக்கவேண்டும்.

வவுனியா வரமுன்னமே
முன்சீட்டு ஐயா திரும்பிப் பார்த்தார்:
"ஆரோ சொதி வைக்கினம்."
பின்னால் ஒரு குழந்தை
நித்திரை முறியாமலே பசியில் சிணுங்கியது.
கொண்டக்டர் எண்ணிய காசை மறந்து
திரும்ப முதலிலிருந்து எண்ணினான்.
"கரப்பிஞ்சா?" என்றாள் யன்னலோரச் சிங்களத்தி,
தன்னிடமே கேட்பதுபோல.
நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மதவாச்சியில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது
ஒருவர் மிச்சமில்லாமல் இறங்கினார்கள்.
கடையில் ரொட்டி முடிந்துவிட்டது.

வெள்ளைக் கோட்டுப் பொடியன்
தராசில் வைத்தான். பதினொன்று குறைவு.
எழுதினான், கழித்தான்,
அவனில் பிழையில்லை.
பதினொரு கிராம் என்றால்
எட்டரைக் கிலோ இலை.
தவராசா வளவின் வேலியோர மரங்கள் இரண்டு,
அவற்றில் ஏறிய முசுறு,
சுபத்திராதேவியின் கழுத்தில் தடித்த கடி.

துவாய் அவர்கள் கணக்கில் வரவில்லை.
வீட்டுக்கு வந்து மூன்றுதரம் தோய்த்தேன்.
கொடியில் கிடக்கிறது.
அடுத்த வளவு நாய் காலையிலிருந்து
அதன் கீழே குந்தியிருக்கிறது,
யாரோ சோறு போடப்போவதுபோல.