தெற்கே போக வடக்கே

தொண்ணூற்றாறு பெட்டிகள்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ராணி,
அவளைச் சுற்றிப் பந்தாகச் சுருண்டு
சிறகை அசைக்காமல் தசையை மட்டும் நடுக்கிச்
சூடு உண்டாக்கும் ஆயிரமாயிரம் பேர்.
பாதாம் பூக்குமுன் கலிபோர்னியாவில் இறக்கியாக வேண்டும்.
முப்பத்திரண்டு அடி டிரெய்லர்.
வெளியே மொன்டானாவின் ஜனவரி.

சமையல் மேசையில் வரைபடம், அதன்மேல் உப்புக் குப்பி.
உப்புக் குப்பிதான் நாங்கள்.
ஹோல்கர் அதை ஹாமில்டனிலிருந்து நேராகத் தெற்கே தள்ளினான்,
லாஸ்ட் டிரெயில் கணவாய் ஏறி, சால்மன் நதியோரம் இறங்கி.
“பாதி நாள் மிச்சம்” என்றான்.
தடம் தொலைந்ததென்று பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்,
அதற்குமேல் என்ன எச்சரிக்கை வேண்டும் உனக்கு?

அவன் ஏற்றத்தைப் பற்றியே பேசினான்:
எஞ்சின், சங்கிலி, புது டயர்.
நான் இறக்கத்திலேயே நின்றேன்.
ஏறும்போது டிரெய்லர் நம் பின்னால் வருகிறது.
இறங்கும்போது நாம் அதன் முன்னால் ஓடுகிறோம்.
முந்தைய குளிர்காலம், அதே மலை, மூன்றாவது வளைவு;
பிரேக்கைத் தொட்டான், தொட்டதோடு சரி.
கண்ணாடியில் தெரிய வேண்டிய டிரெய்லர்
என் ஜன்னலில் தெரிந்தது,
கூடவே நடந்துவர ஆசைப்பட்ட ஆள் மாதிரி.
அன்று அது காலி.

பனி தள்ளும் லாரி ஓட்டுகிற மெர்லைக் கூப்பிட்டேன்.
“பாதை திறந்துதான் இருக்கு. மணல் போட்டாச்சு.”
“உன் டிரெய்லர்னா இழுத்துட்டுப் போவியா?”
அந்தப் பக்கம் காபி உறிஞ்சும் சத்தம்.
அவன் நாய் குரைத்தது.
பிறகு கேட்டான்:
“வேற எந்தப் பக்கமா போகலாம்னு இருக்கீங்க?”

உப்புக் குப்பியை வடக்கே நகர்த்தினேன்.
மிசூலா. அங்கிருந்து கிழக்கே பியூட்.
அதற்கப்புறம்தான் தெற்கு.
நூறு மைலுக்கு மேல் தண்டம்.

நான் ஓட்டினேன். ஒரு மணி நேரம் அவன் வாய் திறக்கவில்லை.
காலை வெயில் தவறான கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது அவனுக்கு.

டில்லனில் காற்று மறித்தது.
சாலை எலும்பாய்க் காய்ந்திருந்தது,
ஆனால் பெட்ரோல் பங்க்கின் கொடி
மடிப்பே விழாமல் பலகைபோல் நின்றது.
மொனைடா மேட்டில் காலி மாட்டு வண்டி ஒன்று
பக்கவாட்டில் படுத்துவிட்டதாம்.
நான்கு மணி நேரம் ஒதுங்கிக் கிடந்தோம்.
“இதுக்கா சுத்தி வந்தோம்?”
நியாயமான கேள்விதான். பதில் இல்லை.
சூப் வாங்கிக் கொடுத்தேன்.

குடித்துவிட்டு வெளியே போனான்.
வலைக்குள் தலையை நுழைத்து
ஒரு பெட்டியின்மேல் காதை வைத்து,
தொப்பி பறந்துபோனதையும் பொருட்படுத்தாமல்
ரொம்ப நேரம் நின்றான்.
திரும்பி வந்தவனிடம் “என்ன?” என்றேன்.
“இருக்காங்க” என்றான்.

பிறகு நெவாடா முழுக்க ஒரே நேர்கோடு.
டானர் கணவாய் திறக்கும்வரை ரீனோவில் ஓர் இரவு.
தோப்புக்குள் நுழையும்போது
கிளென்னிஸ் பாதிப் பெட்டிகளை இறக்கியிருந்தாள்.
எங்களுக்கு அப்புறம் கிளம்பியவள்.
லாஸ்ட் டிரெயில் வழியாகத்தான் வந்தாளாம்.
“நல்ல வெயில். ஒரு சொட்டு ஈரமில்லை.”
ஹோல்கர் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.
எங்கள் ஊர்ச் சாலைகளில்
ஆள் செத்த இடத்தில் வெள்ளைச் சிலுவை நடுவார்கள்.
சாகாத இடத்தில் என்ன நடுவது?

வார்களை அவிழ்த்தேன்.
எண்ணினேன். தொண்ணூற்றாறு.
கடைசிப் பெட்டியிலிருந்து ஒருத்தி வெளியே வந்தாள்.
பூ இரண்டடி தூரத்தில்.
அவள் அதைப் பார்க்கவில்லை.
பெட்டியைப் பார்த்தபடியே பின்னால் பறந்தாள்,
ஒரு சின்ன வட்டம்,
அப்புறம் கொஞ்சம் பெரியது.