இரண்டு இடதுகள்

கோடை பிறந்துவிட்டால்
சனிக்கிழமைதோறும் விடியற்காலை
கீவினாவில், சுப்பீரியர் ஏரிக்கரைச் சிமெண்டுச் சரிவில்
எங்கள் கல்யாணம் சந்திக்கு வரும்.
டிக்கெட் இல்லாத கூத்து.
மீன் அறுக்கும் மேசையில் சாய்ந்தபடி
காப்பியோடு பார்க்க நான்கு பேர்.

வெண்டெல் வண்டியில்.
நான் முழங்கால் தண்ணீரில், கயிற்றோடு.
"விடு. விடாதே. ஏன் விட்டாய்?"
"இடது பக்கம் தள்ளு! உன் இடது இல்லை, என் இடது!"
இருபத்திரண்டு வருடத்தில்
எனக்கு இரண்டு இடதுகள் சேர்ந்திருந்தன.
வலது ஒன்றுகூட வாய்க்கவில்லை.

ஏப்ரலில் அவன் தோளை அறுத்துத் தைத்தார்கள்.
கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வந்து
"இந்த வருடம் படகு கிடையாது" என்றான்,
ஏரியையே ரத்துசெய்தவன் மாதிரி.
நான் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம்
லூத்தரன் தேவாலயத்து மைதானத்தில் கார்கள் இருக்காது.
மணல் நிரப்பிய இரண்டு பால் கேன்களை நிறுத்தி
நடுவே டிரெய்லரைப் பின்னால் தள்ளினேன்.
இரண்டும் செத்தன.
அடுத்த வாரம் ஒன்று பிழைத்தது.
போதகர் எட்டிப்பார்த்தார்,
திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். நல்ல மனிதர்.

மூன்றாம் வாரம்
களைத்துப்போன கை தானாக நழுவி
ஸ்டீயரிங்கின் அடியில் போய்த் தொங்கியது.
கை வலப்பக்கம் போனது.
டிரெய்லரின் வாலும் வலப்பக்கம் போனது.
அவ்வளவுதானா?
இறங்கி நின்று கொஞ்ச நேரம் கோபப்பட்டேன்,
யார்மேல் என்று தெரியவில்லை.
பிறகு அந்த இடத்தில்
நீல டேப் ஒரு துண்டு ஒட்டினேன்.

ஹாட்டனில் மார்லிஸின் இரும்புக்கடையில்
வெள்ளைப் பிளாஸ்டிக் பைப் இரண்டு வாங்கி
டிரெய்லரின் பின்மூலைகளில் நட்டேன்.
"கால்பந்து விளையாடப் போகிறாயா?" என்றான் வெண்டெல்.
மரக்கட்டைகளின் தேய்ந்த கம்பளத்தை மாற்றினேன்.
கடைசியாகக் கயிறு.
ஒரு முனை படகின் மூக்கில்,
மறுமுனை வின்ச் கம்பத்தில்,
படகு மிதந்து இறங்கும் அளவுக்கு அளந்து வெட்டியது.
பிடிக்க ஆள் வேண்டாம்.
அந்தத் தண்ணீரில் நான் நின்ற சனிக்கிழமைகளை
எண்ணிப் பார்க்கத் தொடங்கி
நிறுத்திவிட்டேன்.

ஜூன் இரண்டாம் சனி.
வார்களை மேட்டிலேயே அவிழ்த்தாயிற்று.
வெண்டெல் படகில் ஏறி உட்கார்ந்தான்,
ஒற்றைக் கையோடு ஒரு ராஜா.
பின்னால் வந்தவன் கண் கூசாதிருக்க
விளக்கை அணைத்தேன்.
ஜன்னலை ஏற்றினேன்;
அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.
கண்ணாடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள்.
நீல டேப்பில் என் கை.
மட்கார்டு நனையும்வரை பொறுத்து
பிரேக்கை ஒருமுறை தட்டினேன்.
படகு போய்விட்டது,
பாத்திரம் கழுவும்போது சோப்பு நழுவுமே, அப்படி.
மேலேற வண்டியை நகர்த்தினேன்;
கயிறு விறைத்தது,
கூப்பிடாமலே படகு துறையோரம் வந்து நின்றது.

மேசைப் பக்கம் யாரும் பேசவில்லை.
எய்னோ லாஹ்தி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.
எங்கள் ஊரில் அது கைதட்டல்.

அப்போதுதான் வெண்டெல், மெதுவாக:
"இர்யா, என் காலுறை நனைகிறது."

அடைப்பான்.
படகின் அடி ஓட்டைக்குப் போடும்
கட்டைவிரல் அளவு பித்தளை.
போன அக்டோபரிலிருந்து
அவன் கோட்டுப் பையில் கிடந்தது.
அதைப் போடுவது எப்போதுமே அவன் வேலை.

எனக்குள் இருபத்திரண்டு வருட வசனம் எழுந்தது.
எழுந்து, தும்மல் மாதிரி, வராமல் போயிற்று.
மறுபடி ரிவர்ஸ். மட்கார்டு முனை தெரியுமளவு நீர்.
பக்கக் காற்று படகை ஒதுக்கப் பார்த்தது,
பைப்புகள் விடவில்லை.
வின்ச்சின் பல் ஒவ்வொன்றாகக் கடித்தது.

மேட்டில் வண்டியை நிறுத்தி
பின்கதவைத் தட்டிப்போட்டு உட்கார்ந்தோம்.
ஓட்டை வழியே ஏரி
விரல்கனத்தில் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரே பாஸ்டியை இரண்டாகப் பிய்த்தேன்.
தோசைக்கரண்டி பிடிக்கத் தெரியாதவன்போல
அடைப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கத்தமாட்டாயா?"
"வாயில் டர்னிப் இருக்கிறது."

எய்னோ வந்தார். படகைப் பார்க்கவில்லை.
"அந்தப் பைப் என்ன அளவு?"
"இரண்டு அங்குலம்" என்றோம்
இருவரும், ஒரே நேரத்தில்.
தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.