கோபத்துக்குக் கட்டியது

கல்லடியில் என் சலூனில்
கண்ணாடிக்குக் கீழே மூன்று லாச்சி.
முதலாவதில் கத்திரி. அடுத்ததில் பவுடர், படிகாரம்.
மூன்றாவதை இழுத்தால்
கை கவனம்.

ஈயம் ஜிப்ரி காக்காவின் டயர்க் கடையிலிருந்து வருகிறது.
சில்லுச் சமன் பார்த்துக் கழற்றிப் போட்ட துண்டுகள்,
பால்மா ரின்னில் பாதி.
காசு வாங்கமாட்டார். மாதம் ஒருமுறை தாடி.
அச்சு, நாவலடிக் கரையில் பொறுக்கிய கணவாய் ஓடு.
கத்தி முனையால் சுரண்டினால்
சவர்க்காரம்போல் வழிவிடும்.
உருகிய ஈயம் விழுந்ததும் ஓடு கருகி
கடை முழுக்கச் சுட்ட கணவாய் மணக்கும்.
முடிவெட்ட இருந்தவர் ஒருநாள் கேட்டார்:
"சோறு எங்க?"

மயிர்தான் பிரச்சினை.
மனிதத் தலைமயிர் உதவாது; பார்த்துவிட்டேன்.
நாளுக்கு ஒரு கூடை கூட்டி அள்ளுகிறவன்
பார்க்காமல் இருப்பானா?
நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டி
வழுக்கையை மறைக்க வாரியதுபோல் படுத்துவிடும்.
சேவல் கழுத்து இறகு அழகு, பாரை ஒரே கடியில் கிழித்துவிடும்.
கிடாய் வால் மயிர்தான் தண்ணீருக்குள் மூச்சு விடுகிறது,
இழுத்தால் ஒடுங்கி
விட்டால் விரிந்து.

சிவப்பு நூலால் பதினெட்டுச் சுற்று.
கடைசி ஐந்தை அதன் மேலேயே மடக்கிப் புதைப்பேன்.
கியூட்டெக்ஸ் ஒரு சொட்டு.
பிறகு தலை கழுவும் பேசினை நிரப்பி
ஒரு முழத் தங்கூசியில் நடத்திப் பார்ப்பேன்.
சரிந்து நீந்துவதை எடுத்து வைப்பேன்.
நேராய் நீந்துவதை அறுத்து மறுபடி உருக்குவேன்.
நேராய்ப் போகிறவனை எந்த மீன் துரத்தும்?

வங்கியில் வேலை செய்யும் தவேந்திரன்
கொழும்பில் வாங்கிய ஜப்பான் மீனைக் காட்டினார்.
செதில், செவுள், கண்ணுக்குள் கருமணி,
குலுக்கினால் வயிற்றில் கிலுகிலுப்பை.
"உங்கட சாமான் என்ன மீன் மாதிரி?"

ஒரு மீன் மாதிரியும் இல்லை.
பசிக்குப் போடுகிறவர்கள் றால் வாங்கட்டும்.
கொடுவா தூணோரம் நிழலுக்குள்
வயிறு நிறைந்து கிடக்கும் நேரம்,
மூக்குக்கு முன்னால் ஒன்று
துள்ளி, தடுமாறி, திரும்பத் திரும்ப
அதன் வாசலில் குப்பை கொட்டுகிறதுபோல்
போய் வரவேண்டும்.
நான் கோபத்துக்குக் கட்டுகிறேன்.

மார்கழியில் முகத்துவாரம் வெட்டின இரவு
வாவி தேத்தண்ணி நிறத்தில் கடலுக்கு ஓடியது.
கலங்கலுக்கு எல்லோரும் மஞ்சள் என்பார்கள்.
நான் கறுப்பு.
இருட்டில் உருவம் காட்டுவது இருட்டுத்தான்;
தலைக்குச் சாயம் பூசுகிறவனுக்கு அது தெரியும்.
பழைய பாலத்திலிருந்து மூன்றாவது எறிவில்
கறுப்பைக் கோபம் பிடித்தது.
கையில் பாரம். பிறகு பாரமில்லை.
தங்கூசி நுனி சுருண்டு
வெறுமனே மேலே வந்தது.

இருபத்திமூன்று நாள் கழித்து
சந்தையில் மீன் வெட்டும் றெஜினோல்ட்
ஈரக் கையோடு கடைக்குள் வந்தான்.
கடுதாசியில் சுற்றி ஒன்று.
"ஆறு கிலோக் கொடுவா. வாய் மூலையில கிடந்திச்சு.
உன்ட சாமானா பாரு."

கிடாய் மயிர் பாதி தேய்ந்து, மீதியில் பாசி.
முள்ளில் கறள்.
நகத்தால் நூலைத் தட்டி எண்ணினேன்.
பதினெட்டும் இருந்தன.
ஐந்தும் புதைத்த இடத்திலேயே.
நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததை மறைக்கமாட்டேன்.

"மெலிஞ்சிருந்திச்சா?"
"மெலியிறதா? வயிறு முட்ட மணலை."

அப்படியென்றால் இத்தனை நாளும்
என் பிடிவாதத்தைக் கடைவாயில் தொங்கவிட்டபடி
தின்றிருக்கிறது,
தூணோரம் திரும்பிப் படுத்திருக்கிறது,
மறுபடி எழும்பித் தின்றிருக்கிறது.

"எதுல புடிச்சவனுகளாம்?"
"றாலில."

கதிரையில் பாதி முகம் நுரையோடிருந்த தவேந்திரன்
கண்ணாடிக்குள் சிரித்தார்.

ஈயம் இன்னும் நல்ல ஈயம்.
நூலை அறுத்து பால்மா ரின்னுக்குள் போட்டேன்.
கத்தியைத் துடைத்தேன்.
"மற்றக் கன்னத்தைத் திருப்புங்க, சேர்."