பூஜ்ஜியம் கோப்பு, பிழை இல்லை

மண்டபம் நண்டுக் கம்பெனியின் பின்னறையில்
இரண்டு சர்வர்கள். சீலா, நெத்திலி.
பெயர் வைத்தது நான்தான்.
இரண்டுக்கும் நடுவே ஒரே டிஸ்க்.
எடை, கூலி, கன்டெய்னர் எண், எல்லாம் அதில்.

நொடிக்கொரு தரம் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும்:
இருக்கியா?
இருக்கேன்.
இருக்கியா?
பதில் வராவிட்டால் மற்றது
டிஸ்க்கைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளும்,
வாடை எழுந்ததும் வடகடல் படகைத்
தென்கடலுக்கு மாற்றிக் கட்டுகிற மாதிரி.
எடைமேடையில் நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

விற்றுவிட்டுப் போன மதுரைக்காரர் சொன்னார்:
"ரெண்டு மெஷின் இருக்குல்ல மேடம், பேக்கப் எதுக்கு?"
கொஞ்ச நாள் நானும் நம்பினேன்.
ஒரு பெட்டிக்கு இரண்டு காவல்காரர் என்றால்
பெட்டி இரண்டாகிவிடுமா?

பிறகு ஒரு பேக்கப் எழுதினேன், இரவு இரண்டரைக்கு.
சீலாவில்.
டிஸ்க் அன்று சீலாவிடம் இருந்தது,
அவ்வளவுதான் யோசனை.

ஐப்பசியில், பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய இரவு
கரண்ட் நாலு தடவை வந்து போனது.
சீலா பதில் சொல்லவில்லை. நெத்திலி எடுத்துக்கொண்டது.
விடிந்ததும் சீலா எழுந்தது, வெறுங்கையோடு.
பில் வந்தது, லாரி போனது, யாரும் கவனிக்கவில்லை.
இரண்டரை மணிக்கு பேக்கப் வந்து
தென்கடலில் நிற்கும் படகை
வடகடல் துறையில் தேடியது.
இல்லாததை ஒழுங்காக நகலெடுத்து எழுதி வைத்தது:
பூஜ்ஜியம் கோப்பு. பிழை இல்லை.
பதினோரு இரவு.
பச்சை நிறத்தில்.

பன்னிரண்டாம் நாள் யாரோ ஓர் அட்டவணையை அழித்தார்.
யாரோ இல்லை, நான்.
சீலாவைக் கேட்டாலும் நெத்திலியைக் கேட்டாலும்
ஒரே பதில். அத்தனை ஒற்றுமை.

சதை எடுக்கும் பெண்கள் நாற்பத்தாறு பேர்.
சனிக்கிழமை கூலி.
பெர்சிலா மட்டும் போனை நீட்டினாள்.
ஒவ்வொரு எடைச்சீட்டையும் படம் பிடித்திருந்தாள்,
ஈரக் கையுறையின் கறை ஓரத்தில் தெரிய.
"உங்க கம்ப்யூட்டர நம்பாம இல்ல மேடம்.
போன மாசம் முந்நூறு கிராம் கொறஞ்சுச்சு."

மற்றவர்களுக்கு முதலாளி சராசரி போட்டார்.
சிலருக்குக் கூடுதல், அவர்கள் பேசவில்லை.
தமீமாவுக்குக் குறைவு. அவளும் பேசவில்லை.
அடுத்த வாரம் வரவில்லை.

இப்போது பேக்கப் சீலாவையும் தேடாது, நெத்திலியையும் தேடாது.
மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது,
எந்த மெஷினுக்கும் சொந்தமில்லாமல்
டிஸ்க் போகும் கரைக்கெல்லாம் கூடவே போவது.
அதைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.
அவரவர் சொந்த டிரைவ் தனித்தனியே, ஞாயிறுதோறும்.
பூஜ்ஜியம் வந்தால் சிவப்பு. என் போன் அலறும்.
இன்னொரு நகல் டேப்பில், பஸ்ஸேறி,
பரமக்குடியில் முதலாளி மைத்துனரின் உரக்கடைக்கு.
ராமேஸ்வரம் பக்கம்தானே என்றார்கள்.
பக்கம் என்பதுதான் பயம்.
காற்று எழுந்தால் பாலத்தில் ரயிலே நின்றுவிடும்.
அசலும் நகலும் ஒரே மழையில் நனையக் கூடாது.

மாதம் ஒரு மதியம் சீலாவை நானே நிறுத்துவேன்,
நெத்திலி கை நீட்டுகிறதா என்று பார்க்க.
பிறகு உரவாசனை அடிக்கும் டேப்பிலிருந்து
ஒரே ஒரு வரியைத் திருப்பி எடுப்பேன்.
போன தடவை வந்தது:
பெர்சிலா, 14.350.

போனில் தேடிப் பார்த்துவிட்டுச்
சரிதான் என்றாள்.
படம் எடுப்பதை நிறுத்தவில்லை.
நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.