மணி பார்த்தேன்

கிளைபெடா துறைமுகம். நான்காம் குளிர்கிடங்கு.
ஹெர்ரிங் பெட்டிகளுக்கு நடுவே
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள் ஜிவிலே.
உள்ளங்கையளவு கணினி;
அதன் குச்சிப்பேனா தொலைந்து மூன்று வாரம்.
காதிலிருந்து கம்மலைக் கழற்றி
அதன் முனையால் தட்டுகிறாள்.

வலையின் பெயர் தெரிகிறது.
கடவுச்சொல் இருபத்தொரு எழுத்து.
விரல் விறைத்து
பதினாறில் ஒருமுறை பிசகியது,
பத்தொன்பதில் ஒருமுறை.
எல்லாம் சரியாய் விழுந்த பிறகு
திரை சொன்னது:
இந்தச் சான்றிதழ் இன்னும் நடப்புக்கு வரவில்லை.

இன்னுமா?

ரிம்விதாஸ் சரக்குவண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.
“பூட்டில்லாமல் திறந்தே விடு.
மீனை யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்?”

பதில் சொல்லாமல்
திரை மூலையின் கடிகாரத்தைத் தொட்டாள்.
2003, ஜனவரி ஒன்று, அதிகாலை நான்கு பத்து.
ராத்திரி பேட்டரி செத்துப் பிழைத்ததில்
பிறந்த நாளுக்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

அங்கே
சான்றிதழில் ஒப்பமிட்டவன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான்.
ரிம்விதாசுக்கு முன்பல் இருக்கிறது.
அவள் குடும்பப் பெயர் இன்னும்
மணமாகாதவள் விகுதியில் முடிகிறது.

நின்றாள்.
இருபத்திரண்டு டிகிரி உறைகுளிரில்
எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு.

பிறகு கம்மல் முனையால்
ஆண்டை மேலே தள்ளினாள்,
பதினொரு தடவை.
மாதம். நாள். நிமிடம்.

சின்னப் பூட்டுப் படம் மூடிக்கொண்டது.
முதல் பெட்டி ‘பீப்’ என்றது.

“என்ன செய்தாய்?”

“மணி பார்த்தேன்.”

கம்மலைத் திரும்பக் காதில் மாட்டினாள்.
சுட்டது.